தாய்ப்பால் எடுக்கும் கைப்பம்புக்கு எந்த அளவுப் புனல் பொருந்தும் என்பதை எப்படித் தீர்மானிப்பது?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. பேறுகால விடுப்பு முடியப்போவதால் அடுத்த மாதம் பள்ளிக்குத் திரும்புகிறேன். ஆய்வகத்தை ஒட்டிய பொருள் வைக்கும் அறையைத் தாழிட்டுக்கொண்டு பால் எடுக்கலாம் என்று தலைமையாசிரியை அனுமதி கொடுத்திருக்கிறார். ஆனால் அங்கே மின் இணைப்பு இல்லை என்பதால் கையால் இயக்கும் பம்பையே வாங்கினேன்.

பெட்டியில் வந்த புனலின் (மார்பில் வைக்கும் கிண்ணமும் காம்பு நுழையும் குழலும் சேர்ந்த பாகம்) விளிம்பில் 24 என்று எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடியை அழுத்தத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காம்பு வீங்கிக் குழல் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. எடுத்து முடிக்கும்போது கருவட்டத்தின் பெரும்பகுதி குழலுக்குள் போயிருக்கிறது, சுற்றிலும் சிவந்த வளையம் பதிந்திருக்கிறது, அதன்பின் குழந்தை வாய் வைத்தாலே எரிகிறது. இவ்வளவுக்கும் கிடைப்பது 20 மில்லிதான். குழல் அடைபட்டுப் போவதால் 24 எனக்குச் சிறியது என்று நினைக்கிறேன், 27 வாங்கினால் சரியாகிவிடுமா? "உனக்குப் பாலே போதவில்லை, பவுடர் பால் பழக்கிவிடு" என்று மாமியார் சொல்லத் தொடங்கிவிட்டார். அதற்குள் ஒரு வழி தெரிந்தால் நன்றாக இருக்கும்.

---

மருதாணி எழுதியது:

தோழி, தயங்காமல் 27 வாங்குங்கள். எனக்கும் 24 அளவில் காம்பு பக்கச்சுவரில் உரசி வெளுத்துப்போனது. 27 மாற்றியதும் வலி போயிற்று, பாலும் கூடியது. என் பம்போடு வந்த கையேட்டில் காம்பின் அளவோடு நான்கு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது.

---

செங்காந்தள் எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் பாலூட்டல் ஆலோசகராக இருக்கிறேன். நொய்யல், தயவுசெய்து 27 வாங்குவதைச் சற்று நிறுத்திவையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் புனல் சிறியதாக இருப்பதைவிடப் பெரியதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

குழல் அடைபடுவதைப் பார்த்தால் யாருக்கும் "இடம் போதவில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் குழலை அடைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். காம்பு மட்டும் உள்ளே போய் அதன் பக்கங்கள் சுவரில் அழுந்தித் தேய்ந்தால் புனல் சிறியது. காம்போடு கருவட்டமும் சேர்ந்து இழுபட்டு, மாவு பிதுங்குவதுபோல் குழலை நிறைத்தால் புனல் பெரியது, ஏனென்றால் காம்பைச் சுற்றி மிஞ்சியிருக்கும் இடைவெளி வழியாகத்தான் பம்பு அந்தத் தோலை உள்ளே இழுக்கிறது. மருதாணி தனக்குக் காம்பின் பக்கச்சுவர் உரசியது என்கிறார். நீங்களோ கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகிறது என்கிறீர்கள். இரண்டும் வலிதான் என்றாலும் இரண்டுக்கும் தீர்வு எதிரெதிர்த் திசையில் இருக்கிறது.

அப்படிக் கருவட்டம் வீங்கினால் பால் ஏன் குறைகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் சிறு பைகள் இருப்பதாகப் பழைய பாடநூல்கள் படம் போட்டுக் காட்டின. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய பைகள் தென்படவில்லை. அவர்கள் கண்டது, தோலுக்கு மிக அருகில் ஓடுகிற, லேசாக அழுத்தினாலே நசுங்கிவிடுகிற மெல்லிய பால்நாளங்களைத்தான். கருவட்டம் குழலுக்குள் இழுபட்டு நீர்கோத்து வீங்கும்போது இந்த நாளங்கள் நசுங்குகின்றன. பால் இருக்கும், வழிதான் இருக்காது. வரும் பாலின் அளவு குறைகிறது என்று புனலை மார்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

முதலில் உங்கள் காம்பின் அடிப்பகுதியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். கருவட்டத்தைச் சேர்க்காதீர்கள். பால் கொடுத்த உடனேயோ பம்பு செய்த உடனேயோ அளந்தால் வீக்கத்தையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள், ஆகவே அதற்கு முன்பே அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளப்பது அவசியம்.

---

நொய்யல் எழுதியது:

விளக்கத்துக்கு மிக்க நன்றி, அம்மா. அளந்து பார்த்தேன், ஆனால் கிடைத்த எண்ணை நம்ப முடியவில்லை. ஜாமெட்ரி பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் விளிம்பிலிருந்து தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்குகிறது. அதை மார்போடு ஒட்டிவைத்துக் குனிந்து படிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வருகிறது. வேறு எளிய வழி இருக்கிறதா?

---

வைகைக்கரை எழுதியது:

நாணயத்தை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைக் காம்புக்கு நேரே கண்ணாடி முன் பிடித்தாலே 27 எண் புனலின் குழல் எவ்வளவு அகலமானது என்பது தெரிந்துவிடும். பலருக்கு அந்த நாணயத்தைக் காம்பருகே வைத்துப் பார்த்ததுமே வாங்கும் எண்ணம் மாறிவிடும்.

---

தறிக்காரர் எழுதியது:

பெண்கள் பேசும் இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்காக இவற்றையெல்லாம் படித்தவன், தொழிலால் இயந்திரப் பொறியாளன்.

பத்து ரூபாய் நாணயம் சரி, மற்ற நாணயங்களை நம்ப வேண்டாம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் ஆகியவை 2011 வரிசையில் ஓர் அளவும் 2019-இல் வந்த வரிசையில் வேறோர் அளவுமாக இருக்கின்றன. இரண்டு மில்லிமீட்டர் தவறினால் புனலில் ஓர் அளவே மாறிப்போகிற இந்த விஷயத்தில் அது உதவாது.

நூல் முறை இதைவிட மேல். தையல் நூல் ஒன்றைக் காம்பின் அடியில் இறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, நூல் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறித்துக்கொண்டு, பிரித்து நீட்டி ஸ்கேலில் வைத்து அளக்க வேண்டும். கிடைப்பது சுற்றளவு, அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். எடுத்துக்காட்டாக 53 மி.மீ. வந்தால் விட்டம் ஏறத்தாழ 17. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நூலை அளப்பதில் மூன்று மில்லிமீட்டர் தவறினாலும் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் தவறும். நூலை இறுக்கிவிட்டால் மட்டும் கணக்கு கெட்டுவிடும்.

புனலின் மீதுள்ள எண் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கிறது, வெளியே விரிந்திருக்கும் கிண்ணப் பகுதியை அல்ல. இதையும் சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் மார்பு பெரியது என்பதற்காகவே பெரிய எண் புனல் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்பின் பருமனுக்கும் காம்பின் விட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

---

மருதாணி எழுதியது:

செங்காந்தள் அவர்களுக்கு ஒரு கேள்வி. 24 பலருக்குப் பெரியது என்றால் நிறுவனங்கள் ஏன் 24 அளவையே பெட்டியில் வைத்து விற்கின்றன? மெடேலா நிறுவனத்தின் புனல் வரிசை 21, 24, 27, 30, 36 என்றுதான் போகிறது. 21-க்குக் கீழே தேவைப்படுபவர்கள் அதிகம் என்றால் அந்த வரிசை கீழ்நோக்கியல்லவா நீண்டிருக்க வேண்டும்? எனக்கு 27 பொருந்தியதும் பொய்யில்லை.

---

செங்காந்தள் எழுதியது:

உங்களுக்கு 27 பொருந்தியதை நான் மறுக்கவே இல்லை, மருதாணி. காம்பின் அடிவிட்டம் 22, 23 மில்லிமீட்டர் உள்ள தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களை 21-க்குள் திணிப்பது கொடுமை. ஆனால் என்னிடம் வருபவர்களில் பலருக்கு அடிவிட்டம் 20-க்கும் கீழே என்பதால் பெட்டியில் இருக்கும் புனலை முதலிலேயே சந்தேகிக்கப் பழகிவிட்டேன்.

பெட்டியில் இருக்கும் அளவு உற்பத்தியின் வசதிக்கானது. ஒரே அளவை எல்லாப் பெட்டியிலும் வைத்து, மற்ற அளவுகளைத் தனியாக விற்பது அவர்களுக்கு எளிது. "கூட்டிக்கொள்" என்ற கணக்கும் மாறிவருகிறது. முன்பு காம்பின் விட்டத்தோடு நான்கு மில்லிமீட்டர் வரை கூட்டச் சொன்னோம். அண்மை ஆண்டுகளில் ஆலோசகர்கள் பலர் பூஜ்யத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குள் தொடங்கச் சொல்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். காம்பு குழலின் சுவரை மெல்லத் தொட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நகர்வதில் தவறில்லை, குழந்தையின் வாய்க்குள்ளும் அது காற்றில் மிதப்பதில்லை. நான்கு பக்கமும் இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய படங்கள்தான் பலரைப் பெரிய புனலுக்குத் தள்ளின என்பது என் கருத்து.

தோலின் நெகிழ்வும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே அளவு காம்பு உள்ள இருவரில் ஒருவருக்கு அது இரண்டு மடங்கு நீண்டு குழலின் கோடிவரை போய் இடிக்கும், மற்றவருக்கு அசையவே அசையாது. நெகிழ்வு மிகுந்தவர்களுக்குச் சிறிய புனல் பெரும் நிம்மதி தரும். ஆகவே அளந்த எண் தொடக்கப்புள்ளி மட்டும்தான். பம்பு இயங்கும்போது கண்ணால் காண்பதும் உங்கள் வலியும் வரும் பாலும் சேர்ந்துதான் முடிவைச் சொல்ல வேண்டும்.

---

தறிக்காரர் எழுதியது:

இதன் இயற்பியலை ஒரு கணக்கில் காட்டலாம். 24 மி.மீ. குழலின் வாய்ப்பரப்பு சுமார் 452 சதுர மில்லிமீட்டர், 18 மி.மீ. குழலுக்குச் சுமார் 254. உறிஞ்சும் அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும் 24-இல் தோலை உள்ளே இழுக்கும் மொத்த விசை ஏறக்குறைய 1.8 மடங்கு. காம்பின் பரப்பு மாறவில்லை என்பதால் கூடுதல் விசை முழுவதும் கருவட்டத்தின்மேல்தான் விழுகிறது. நொய்யல் சொன்ன சிவந்த வளையம் அதனால்தான் விழுகிறது.

கைப்பம்பில் இது இன்னும் மோசமாகும். மின்பம்பில் அழுத்தத்துக்கு ஓர் உச்ச எல்லை வைத்திருப்பார்கள். கைப்பம்பிலோ உங்கள் மணிக்கட்டுத்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. பால் வரவில்லை என்றதும் நாம் செய்யும் முதல் காரியம் இன்னும் ஓங்கி அழுத்துவது, அதனால் வீக்கம் கூடுகிறது, வீக்கத்தால் பால் குறைகிறது, மறுபடி ஓங்கி அழுத்துகிறோம். இன்னொன்று, கைப்பிடியின் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் வெளியேறும் காற்றின் அளவு குறிப்பிட்டதுதான். குழலுக்குள் காலி இடம் அதிகமாக இருந்தால் அதே உழைப்புக்குக் குறைந்த உறிஞ்சுவிசையே கிடைக்கும்.

புனலை மாற்றுவதற்கு முன் வால்வையும் ஒருமுறை பாருங்கள். வாத்தின் அலகுபோல் இருக்கும் அந்தச் சிறு சிலிக்கான் துண்டின் நுனிப் பிளவு மூடியே இருக்க வேண்டும். பிளவு வாய் திறந்து தொங்கினாலோ ஓரத்தில் கிழிந்திருந்தாலோ எந்த அளவுப் புனல் போட்டாலும் பம்பு இழுக்காது. சுத்தம் செய்யும்போது தூரிகையை அந்தப் பிளவுக்குள் விட்டுத் தேய்ப்பதுதான் பெரும்பாலும் கிழிசலுக்குக் காரணம். உள்ளங்கையின் மென்மையான பகுதியில் புனலை வைத்து ஒருமுறை அழுத்திப் பிடித்தால் அது ஒட்டிக்கொண்டு சில நொடிகளாவது நிற்க வேண்டும்.

---

நொய்யல் எழுதியது:

தறிக்காரர் அண்ணா சொன்னபடி நூலால் அளந்தேன். காலையில் மகள் எழுவதற்கு முன் அளந்ததில் வலப்பக்கம் 51, இடப்பக்கம் 47 மில்லிமீட்டர் சுற்றளவு வந்தது. அப்படியானால் விட்டம் 16-உம் 15-உம் ஆகிறது. வால்வு நன்றாக மூடியிருக்கிறது, உள்ளங்கையிலும் ஒட்டி நின்றது.

24 எங்கே, 15 எங்கே! கடையில் கேட்டால் 21-க்குக் கீழே இல்லை என்கிறார்கள். இப்போது என்ன வாங்குவது?

---

செங்காந்தள் எழுதியது:

இந்த அளவுகளுக்குத் தனிப் புனல் தேடி அலைய வேண்டாம். 24 எண் புனலுக்குள் பொருத்தி அதன் குழலைக் குறுக்கும் சிலிக்கான் இன்செர்ட்டுகள் 13, 15, 17, 19, 21 ஆகிய அளவுகளில் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே அளவில் இரண்டு வாங்காமல் 15, 17, 19 மூன்றும் கலந்த தொகுப்பாக வாங்குங்கள். வலப்பக்கத்துக்கு 17, இடப்பக்கத்துக்கு 15 என்று தொடங்கி, நெருக்கமாகப் பட்டால் ஓர் அளவு மேலே போங்கள்.

சோதித்துப் பார்க்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். குழந்தை ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்கும் வேளையிலோ, காலையில் மார்பு நிறைந்திருக்கும் வேளையிலோ சோதியுங்கள். களைத்துப்போன மாலையில் எந்தப் புனலும் தோற்கும். காம்பைக் குழலின் நடுவில் வருமாறு வைத்துப் புனலை மார்பில் பொருத்துங்கள், காற்று புகாத அளவுக்குத் தொட்டால் போதும், அழுத்த வேண்டாம். முதலில் கைப்பிடியைப் பாதியளவே அழுத்திக் குறுகிய, விரைவான அசைவுகள் கொடுங்கள். பால் இறங்கித் தாரையாக வரத் தொடங்கியதும் நீண்ட, மெதுவான அழுத்தங்களுக்கு மாறி, ஒவ்வோர் அழுத்தத்தின் முடிவிலும் கைப்பிடியைக் கணநேரம் பிடித்துவிட்டு முழுவதுமாக விடுங்கள். முழுவதும் விட்டால்தான் காம்புக்கு இரத்தம் திரும்பும். எவ்வளவு ஓங்கி அழுத்தலாம் என்றால், வலிக்குச் சற்று முன்பு நிற்பதுதான் எல்லை. 2005 ஆய்வைச் செய்த அதே ஆஸ்திரேலியக் குழுவினர் 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும், தாய்க்கு வசதியாக இருக்கும் எல்லைக்குள்ளான உச்ச விசையே பலன் தருகிறது என்றுதான் சொல்கிறது.

இப்போது குழலின் பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வோர் இழுப்பிலும் காம்பு நீண்டு, விடும்போது பின்வாங்க வேண்டும். கருவட்டம் துளியளவு உள்ளே வந்தால் கவலையில்லை. எடுத்து முடித்தவுடன் காம்பின் நிறத்தைக் கவனியுங்கள்: நுனியோ அடியோ வெளுத்திருந்தால், அல்லது அடியில் நூல் கட்டியதுபோல் பள்ளம் விழுந்திருந்தால் ஓர் அளவு மேலே போக வேண்டும். காம்பு தடித்து அதன் அடியில் கருவட்டமும் புடைத்துக்கொண்டிருந்தால் கீழே இறங்க வேண்டும். மார்பைத் தொட்டுப் பார்த்தால் எல்லாப் பக்கமும் தளர்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கட்டியாக நிற்கிறதா என்பதும் தெரியும்.

பால் அளவைப் பற்றி ஒரு சொல். முழுநேரமும் நேரடியாகப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஊட்டும் இடைவெளியில் எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 15 முதல் 60 மில்லி வருவது இயல்பு, ஏனெனில் மீதியைக் குழந்தை ஏற்கெனவே குடித்துவிட்டது. உங்கள் 20 மில்லியை மாமியாரிடம் இந்தக் கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள். குழந்தை எடை கூடுவதும் நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிப்பதும்தான் பால் போதுகிறதா என்பதற்கான அளவுகோல், பம்பின் குப்பி அல்ல.

---

பனைநிழல் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த கையோடு தாதிமார் கையால் பால் எடுக்கத்தான் முதலில் பழக்கினார்கள், பிறகு வீட்டுக்கு வந்த குடும்ப நல மருத்துவமாதுவும் அதையேதான் வற்புறுத்தினார். பம்பி வாங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

பம்பியை வைக்குமுன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, நெஞ்சுக்கூட்டை நோக்கி அமர்த்தி, பிறகு இரு விரலையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தி ஓரிரு துளி வரச் செய்தால் கருவட்டம் இளகிக் காம்பு புனலுக்குள் நேராக அமர்கிறது. பால் கட்டிப் பாறையாக இருக்கும் நேரத்தில் இதைச் செய்யாமல் பம்பியை வைத்தால் எந்த அளவும் பொருந்தாது. பம்பி எடுத்து முடித்த பிறகும் கையால் சிறிது எடுத்தால், பம்பி விட்டுவைத்ததும் வந்துவிடும்.

---

செங்காந்தள் எழுதியது:

மிக நல்ல குறிப்பு, பனைநிழல். குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மின்பம்போடு கைமுறையையும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பால் உற்பத்தி கூடியதைக் காட்டியது. கைப்பம்புக்காரர்களுக்கும் நான் அதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். மார்பை அழுத்தித் தேய்ப்பது, கட்டியை உருட்டி உடைக்கப் பார்ப்பது ஆகியவை வேண்டாம். தாய்ப்பாலூட்டல் மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட மார்பக அழற்சி வழிகாட்டுதல், ஆழமாக மசாஜ் செய்வதையும் தேவைக்கு மிஞ்சிப் பம்பு செய்வதையும் தவிர்க்கச் சொல்கிறது, வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடத்தைவிடக் குளிர்ந்த ஒத்தடத்தையே பரிந்துரைக்கிறது.

---

கயல் எழுதியது:

என்னுடைய கைப்பம்பில் புனல் தனியாகக் கழலவே இல்லை. உடல் பகுதியோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது, அதன்மேல் மெத்தென்ற சிலிக்கான் மூடி ஒன்று இருக்கிறது. இதற்குள் இன்செர்ட் போடலாமா? எனக்கு விட்டம் 18.

---

தறிக்காரர் எழுதியது:

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இதுதான். கைப்பம்புகளில் இரண்டு வகை உண்டு. புனலைக் கழற்றி வேறு அளவு மாட்டக்கூடியவை ஒரு வகை. பிலிப்ஸ் அவென்ட் போன்றவற்றில் உள்ளதுபோல் ஒரே அளவு சிலிக்கான் மெத்தையோடு வருபவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில், மெத்தை வளைந்துகொடுத்துப் பல அளவுகளுக்குப் பொருந்தும் என்பதுதான் வடிவமைப்பின் எண்ணம். சிலருக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, சிலருக்குப் பொருந்துவதில்லை, பொருந்தாதவர்களுக்கு மாற்றுவழி குறைவு.

இன்செர்ட்டுகள் நேரான, கடினமான பிளாஸ்டிக் குழலின் உள்ளே இறுக்கமாக உட்காரும்படி செய்யப்படுகின்றன. கணினித் திரையில் "எல்லாப் பம்புக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தாலும், 24 எண் குழலுக்கானது 27 அல்லது 28 எண் குழலில் ஆடும், சிலிக்கான் மெத்தையின்மேல் சறுக்கும். மெத்தையைக் கழற்றிவிட்டு உங்கள் பம்பின் குழலின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். அது 24-ஐ ஒட்டி வந்தால் முயன்று பார்க்கலாம், வராவிட்டால் பணத்தை வீணாக்க வேண்டாம், கழலக்கூடிய புனல் உள்ள பம்பே மேல்.

---

நொய்யல் எழுதியது:

இன்செர்ட்டுகள் வந்துவிட்டன. இடப்பக்கம் 15 சற்று நெருக்கமாகப் பட்டது, 17 நன்றாக இருக்கிறது. வலப்பக்கத்திலும் 17-தான். வலி இல்லை, வளையமும் விழவில்லை. காலையில் மகள் இடப்பக்கம் குடித்த பிறகு வலப்பக்கத்திலிருந்து மட்டும் 50 மில்லி எடுத்தேன். ஆனால் ஒரு தொல்லை: இன்செர்ட்டுக்கும் புனலுக்கும் நடுவே பால் புகுந்து நிற்கிறது, கழற்றும்போது மடியெல்லாம் சிந்துகிறது. இடையிடையே "புஸ்" என்று காற்று புகும் ஒலியும் கேட்கிறது.

---

வைகைக்கரை எழுதியது:

எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்செர்ட்டை ஈரத்தோடு பொருத்தினால் வழுக்கி மேலே ஏறிவிடும். இரண்டையும் நன்றாக உலர்த்தி, இன்செர்ட்டின் விளிம்பைப் பெருவிரலால் சுற்றிலும் அழுத்தி, நடுவில் காற்றுக்குமிழி இல்லாமல் உட்கார வையுங்கள். மார்பைத் தொடும் பக்கத்தை ஒரு துளி தேங்காய் எண்ணெயால் ஈரப்படுத்தினால் உரசலும் குறையும், காற்றும் புகாது. எண்ணெய் இன்செர்ட்டின் வெளிப்பக்கம் பட்டுவிடக் கூடாது, பட்டால் மறுபடி வழுக்கும்.

---

செங்காந்தள் எழுதியது:

வைகைக்கரை சொன்னது சரி. அதோடு, முன்பக்கம் லேசாகக் குனிந்து உட்கார்ந்து எடுங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் பால் பின்னோக்கி ஓடி இன்செர்ட்டின் அடியில் தங்கும். முடிந்ததும் புனலைக் குப்பியின் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விரலால் மார்புக்கும் விளிம்புக்கும் நடுவே காற்று விட்டு, பிறகே எடுங்கள். இன்செர்ட்டை ஒவ்வொரு முறையும் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். அதன் பின்னால் தங்கும் பால்படலம் வெளியே தெரியாது. நம் ஊர் வெயிலில் பள்ளியில் இருக்கும்போது அது விரைவில் கெட்டுவிடும். பம்பின் பாகங்களைத் தொட்டியில் நேரடியாகப் போடாமல், அதற்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தில் சோப்பு நீரால் கழுவிக் காற்றில் உலர்த்துங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் 17 என்பது இன்றைய அளவு. பால் கட்டும் நாட்களில், அல்லது சில மாதங்கள் பம்பு செய்த பிறகு அது மாறக்கூடும். வலி திரும்பினால் மறுபடி நூலை எடுங்கள். சரியான அளவிலும் காம்பு வெளுத்து, பிறகு நீலம்பாரித்து, குளிர்பட்டால் சுருக்கென்று வலித்தால் அது இரத்தநாளச் சுருக்கமாக இருக்கலாம். வெடிப்பில் இரத்தம் கசிந்தாலோ, மார்பில் சிவந்த பகுதியோடு காய்ச்சல் வந்தாலோ புனலை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

---

மருதாணி எழுதியது:

இதைப் படித்த பிறகு நானும் நூலால் அளந்து பார்த்தேன். 23 வந்தது. நான்கு கூட்டினாலும் 27, செங்காந்தள் அவர்களின் கணக்குப்படி 23 முதல் 26 வரை. 24-இல் எனக்குச் சுவர் உரசியது உண்மை என்பதால் 27-ஐ மாற்றும் எண்ணம் இல்லை. வலிக்கவும் இல்லை, கருவட்டமும் உள்ளே போவதில்லை. ஆனால் என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம், அவளுக்கு என்னுடைய பம்பையே புனலோடு கொடுக்கலாம் என்றிருந்தேன். கொடுக்கலாமா?

---

செங்காந்தள் எழுதியது:

27 உங்களுக்குச் சரியாகவே இருக்கிறது, அப்படியே விடுங்கள். தங்கைக்குக் கொடுப்பது பற்றிச் சொல்வதென்றால், ஒருவர் பயன்படுத்திய பம்பை இன்னொருவருக்குக் கொடுப்பதை உற்பத்தியாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை, சுகாதாரக் காரணத்தால் நானும் பரிந்துரைப்பதில்லை. குழந்தை பிறந்து பால் சுரப்பு நிலைபெற்ற பிறகு அவரே அளந்து, கழலக்கூடிய புனல் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். கர்ப்பத்தில் இப்போது அளந்தால் அந்த எண் நிலைக்காது.